மூலக்கூறைச் சுழற்றக் கொடுத்தீர்கள், கோப்பையும் கொடுங்கள்

தமிழில் வேதியியல் பாடப் பக்கங்கள் உருவாக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

மேல்நிலை வகுப்பு வேதியியலைத் தமிழில் இணையத்தில் எழுதி வைக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். பள்ளி வேலை, விடைத்தாள் திருத்தம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் இதைச் செய்கிறீர்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, இதற்கென்று யாரும் காசு தருவதும் இல்லை. தமிழ்வழியில் படிக்கும் ஒரு பிள்ளை பாடநூலைத் தாண்டி ஒன்றைப் படிக்க நினைத்தால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீங்கள் எழுதியதுதான். நானும் அதே பாடத்தை நடத்துகிறவன், உங்கள் பக்கங்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

உங்களில் பலர் இப்போது பாடத்துக்கு நடுவே, விரலால் திருப்பிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண மூலக்கூறுகளை வைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். மனம் நிறைந்த பாராட்டு. அப்படி வைக்கும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பக்கத்திலேயே அதன் கோப்பையும் (அணுக்களின் இருப்பிடங்களை எழுதிவைத்த சிறு கோப்பு) பதிவிறக்கக் கொடுங்கள். அது எங்கிருந்து வந்தது, அளந்து கண்டதா கணக்கிட்டுப் பெற்றதா என்று ஒரு வரி எழுதுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். இதற்கு ஏன் ஒரு மடல் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுழலும் மாதிரி எதற்கு, படம் போதாதா என்று கேட்பவர்களுக்கு சைக்ளோஹெக்சேன் ஒன்றே பதில். புத்தகத்தில் நாற்காலி வடிவம் ஒரே கோணத்தில் அச்சாகியிருக்கும். பன்னிரண்டு ஹைட்ரஜனில் எது ஆக்சியல், எது ஈக்குவட்டோரியல் என்பதை மாணவர்கள் கோட்டின் சாய்வை வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கோடு சாய்வு மாறினால் போச்சு. அதே மூலக்கூறை மொபைலில் திறந்து, நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் திருப்பச் சொல்லுங்கள். வளையம் ஓர் ஒழுங்கான அறுகோணமாகத் தெரியும். மேல்நோக்கிய மூன்று ஆக்சியல் ஹைட்ரஜன்கள் தத்தம் கார்பனுக்கு நேர் மேலே நின்று அதை மறைக்கும். கீழ்நோக்கிய மூன்றும் கார்பனுக்குப் பின்னால் போய்விடும். வளையத்தைச் சுற்றி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு ஆறு மட்டும் மிஞ்சும். அவைதான் ஈக்குவட்டோரியல் என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் மாதிரியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பின் வழியாகவே பார்வை போகும்படி நிறுத்தச் சொல்லுங்கள். முன் கார்பனின் பிணைப்புகள் பின் கார்பனின் பிணைப்புகளுக்கு இடைவெளியில் விழும். படகு வடிவத்தில் இதையே செய்தால், பக்கவாட்டுப் பிணைப்புகள் இரண்டில் முன்னதும் பின்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நாற்காலி ஏன் நிலைப்புத்தன்மை மிக்கது என்பதற்கு அரைப்பக்கம் எழுதும் வேலையை அந்த ஒரு திருப்பல் செய்துவிடுகிறது. கரும்பலகையில் நியூமன் வரைபடம் போட்டு இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வரைந்ததைப் பார்ப்பதும், தானே திருப்பிக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு.

சரி, இவ்வளவு நல்ல விஷயத்தில் கோப்பு எங்கே வருகிறது?

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் புரியும். இணையம் பரவத் தொடங்கிய 1990களின் நடுவிலேயே லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹென்றி ரெஸெப்பா (Rzepa), பீட்டர் மரே-ரஸ்ட் போன்றவர்கள் கெமிக்கல் மைம் என்றொரு ஏற்பாட்டை முன்வைத்தார்கள். சர்வர் ஒரு கோப்பை அனுப்பும்போது, வருவது மூலக்கூறு அமைப்பு என்று உலாவிக்குச் சொல்லிவிடும். பெறுகிறவரின் கணினியில் இருக்கும் நிரல் அதைத் திறந்து காட்டும். அதாவது, ஆரம்பத்திலிருந்தே பகிரப்பட்டது அணுக்களின் இருப்பிடங்கள்தான். எப்படிக் காட்டுவது என்பது பெறுகிறவரின் விருப்பம்.

அப்போது ரோஜர் செய்ல் எழுதிய ராஸ்மோல் என்ற நிரல் பரவலாக இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1996-இல் சைம் என்ற இணைப்பு நிரல் நெட்ஸ்கேப் உலாவிக்கு வந்தது. பக்கத்துக்குள்ளேயே மூலக்கூறு சுழன்றது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதை வைத்துப் பாடம் எழுதினார்கள். புதிய உலாவிகள் வந்தபோது சைம் அவற்றோடு ஒத்துப்போகவில்லை. அதன் இடத்தை ஜாவா மொழியில் எழுதிய ஜேமோல் பிடித்தது. கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு பாதுகாப்புக் காரணங்களால் உலாவிகள் ஜாவாவையே கைவிட்டன. குரோம் 2015 செப்டம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில். ஃப்ளாஷில் செய்த பாடங்கள் தனிக்கதை. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவே நின்றது.

ஒவ்வொரு முறையும் இரண்டு வகைப் பக்கங்கள் இருந்தன. கோப்புகளைத் தனியாக, பெயரிட்டு, தங்கள் இடத்திலேயே வைத்திருந்தவர்கள் மீண்டுவிட்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியைச் சேர்ந்த பாப் ஹான்சனும் அவருடைய குழுவும் ஜேமோலை ஜாவா தேவைப்படாத ஜேஎஸ்மோலாக மாற்றித் தந்தபோது, பழைய கட்டளைகள் அதிலும் ஓடும்படி பார்த்துக்கொண்டார்கள். கோப்பு கையில் இருந்தவர் காட்டும் நிரலை மட்டும் மாற்றினார், வேலை முடிந்தது. மற்றவர்களின் பக்கங்களில் இன்று வெறும் சாம்பல் நிறப் பெட்டி நிற்கிறது. நான் வகுப்புக்காகக் குறித்து வைத்திருந்த அருமையான பாடங்கள் சில அப்படித்தான் போயின. எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார், கோப்புகள் யாரிடமும் இல்லை, பெட்டி மட்டும் இருக்கிறது.

காட்டும் நிரல்களுக்கு ஆயுள் குறைவு. கோப்பு வடிவங்களுக்கு ஆயுள் அதிகம். புரதங்களுக்கான பிடிபி களஞ்சியம் 1971-இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கியது. ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற துளை அட்டைக் கணக்கில் அமைந்த அதன் பழைய கோப்பு வடிவத்தைப் பெரிய மூலக்கூறுகளுக்குப் போதவில்லை என்று களஞ்சியமே இப்போது பின்னுக்குத் தள்ளிவிட்டது. இருந்தும் இன்றைய பார்வை நிரல்கள் எல்லாம் அதைத் திறக்கின்றன. நாம் இப்போது விரும்பிப் பயன்படுத்தும் த்ரீடிமோல், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ரெகோவும் டேவிட் கோஸும் எழுதி 2015-இல் வெளிவந்தது. அருமையான நிரல், இலவசம், திறந்த மூலம். இதற்கும் ஒருநாள் முடிவு வரலாம். அன்றைக்கு உங்கள் பாடம் பிழைப்பது கோப்பால்தான்.

இன்னொரு தளத்தின் பெட்டியை அப்படியே நம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே அதிகம். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மூலக்கூறு வந்துவிடும், எளிது, புரிகிறது. ஆனால் அந்தத் தளத்துக்கு என்ன நேர்ந்தாலும் அது நம் பாடத்துக்கும் நேரும். முகவரி மாறினால் போதும். மூலக்கூறு கோப்பு அப்படியொன்றும் பெரியதில்லை. ஆஸ்பிரினில் 21 அணுக்கள், 21 பிணைப்புகள். அணுக்களையும் பிணைப்புகளையும் பட்டியலிடும் அதன் மோல் கோப்பு சுமார் இரண்டு கிலோபைட். காலை வணக்கம் என்று குழுவில் வரும் ஒரு பூப்படத்தில் இதுபோல் பல பத்துக் கோப்புகள் அடங்கும். இதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இடப்பிரச்சினை எதுவும் இல்லை.

கோப்பைக் கொடுப்பதில் இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் ஒன்று உண்டு. அது மாணவர்கள் திறந்து படிக்கக்கூடிய எழுத்து. நோட்பேடில் திறந்தால் போதும். தண்ணீரின் எக்ஸ்ஒய்இசட் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து வரி. முதல் வரியில் அணுக்களின் எண்ணிக்கை, 3. இரண்டாம் வரி நம் குறிப்புக்கு. மூன்றாம் வரியில் ஆக்சிஜன்: 0, 0, 0.1173. நான்காவதில் ஒரு ஹைட்ரஜன்: 0, 0.7572, -0.4692. ஐந்தாவதில் இன்னொன்று: 0, -0.7572, -0.4692. எல்லாம் ஆங்ஸ்ட்ராம் அளவில்.

இதைப் பதினொன்றாம் வகுப்பில் கொடுத்து, ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். பக்கவாட்டு வித்தியாசம் 0.7572, மேல்-கீழ் வித்தியாசம் 0.5865. பித்தாகரஸ் தேற்றம் போட்டால் 0.958 ஆங்ஸ்ட்ராம் வரும். அதே இரண்டு எண்களின் விகிதத்துக்கு டேன் தலைகீழ் கண்டு இரட்டித்தால் 104.5 பாகை. புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிணைப்புக் கோணம் தன் கணக்கில் தானாக வந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களும் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் சுழலும் மாதிரி மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு இல்லை. கோப்பு இருந்தால் உண்டு. கோணத்தை 104.5-லிருந்து 120-ஆக மாற்றி எழுதிப் பார்ப்பதும், ஓர் ஹைட்ரஜனை நீக்கிவிட்டு என்ன தெரிகிறது என்று பார்ப்பதும் அப்போது அவர்கள் கையில்.

இனி, எங்கிருந்து வந்தது என்ற அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அது இல்லாததால் நேரும் குழப்பங்கள் நிறைய.

மிக அதிகம் கண்ணில் படுவது தட்டையான மீத்தேன். பப்கெம் என்ற இலவச வேதிச்சேர்மத் தரவுத் தளத்தில் பெரும்பாலான கரிமச் சேர்மங்களுக்கு இருபரிமாணக் கோப்பு ஒன்று, முப்பரிமாணக் கோப்பு ஒன்று என இரண்டு கிடைக்கும். அவசரத்தில் முதலாவதை இறக்கி முப்பரிமாணப் பார்வை நிரலில் போட்டால் அது மறுக்காது. காட்டிவிடும். நான்முகி வடிவத்தில் இருக்க வேண்டிய மீத்தேன் 90 பாகைக் கோணங்களோடு தட்டையாகச் சுழலும். மாணவன் அதைத்தான் நம்புவான், ஏனென்றால் கரும்பலகையில் நாமும் அப்படித்தான் வரைகிறோம். கண்டுபிடிப்பது எளிது. கோப்பைத் திறந்து மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள். எல்லாமே 0.0000 என்றிருந்தால் அது தாளில் வரைவதற்கான கோப்பு. பென்சீன் போல உண்மையிலேயே தட்டையான மூலக்கூறு என்றால் மட்டும் அது சரியாக இருக்கலாம்.

அடுத்தது குளுக்கோஸ். பெயரைத் தட்டி முதலில் வருவதை எடுத்தால், பப்கெம்மில் 5793 என்ற எண்ணுள்ள பதிவு வரும். அதில் முதல் கார்பனின் புறவெளி அமைப்பு குறிப்பிடப்பட்டிருக்காது. நாம் பாடத்தில் ஆல்பா, பீட்டா என்று பிரித்துச் சொல்கிறோம் அல்லவா, அந்த வேறுபாடே முதல் கார்பனில்தான். ஆல்பாவில் அங்கிருக்கும் ஹைட்ராக்சில் ஆக்சியல், பீட்டாவில் ஈக்குவட்டோரியல். நீரில் கரைத்து வைத்தால் சமநிலையில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஆல்பா, 64 விழுக்காடு பீட்டா. பாடத்துக்கு வேண்டியது 79025, அல்லது 64689. முன்னது ஆல்பா, பின்னது பீட்டா. இந்த எண்ணைப் பக்கத்தில் போட்டுவிட்டால் அடுத்து வரும் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். வெறும் குளுக்கோஸ் என்றிருந்தால் அவர் ஒவ்வொரு கார்பனாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கணக்கிட்டதா, அளந்ததா என்பதும் அப்படித்தான். பப்கெம் தரும் முப்பரிமாண அமைப்புகள் விசைப்புலக் கணக்கீட்டில் உருவாக்கப்பட்டவை. பிணைப்புகள் சுழல்வதால் ஒரே மூலக்கூறுக்கு வரக்கூடிய பல வச அமைப்புகளில் ஒன்று நமக்குக் காட்டப்படுகிறது. பாடத்துக்கு அது தாராளமாகப் போதும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்-கதிர் படிக ஆய்வில் வந்த கோப்பை எடுத்தால் நிலைமை வேறு. எக்ஸ்-கதிர் எலக்ட்ரான் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. ஹைட்ரஜனின் ஒரே எலக்ட்ரான் பிணைப்பின் பக்கம் இழுபட்டிருப்பதால், அத்தகைய கோப்புகளில் கார்பன்-ஹைட்ரஜன் நீளம் பெரும்பாலும் 0.95 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். புத்தகத்தில் 1.09. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு எது தப்பு என்று கேட்டால், இரண்டுமே தப்பில்லை என்று விளக்க நமக்கு அந்த ஒரு வரி வேண்டும்.

எக்ஸ்ஒய்இசட் கோப்பில் பிணைப்புகள் எழுதப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அணுக்களுக்கு இடையேயான தூரத்தை வைத்து நிரல் தானே ஊகித்துக் கோடு போடும். சோடியம் குளோரைடு படிகத்தில் அயனிகளுக்கு நடுவே குச்சி தெரிவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பிள்ளைகள் அதைச் சகப்பிணைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். குச்சியை நீக்கிவிடுங்கள், அல்லது கீழே சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை, உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ இணைந்த அணைவுச் சேர்மங்கள் பாடத்தைப் பற்றித்தான். பன்னிரண்டாம் வகுப்பில் முப்பரிமாணம் இல்லாமல் நடத்தவே முடியாத பாடம் அது. பார்த்தால், இலவசமாக எளிதில் கிடைக்கும் கோப்புகள் குறைவாக இருப்பதும் அதற்குத்தான். பப்கெம்மின் கணக்கீட்டு முறை கரிமச் சேர்மங்களில் வழக்கமாக வரும் தனிமங்களுக்கு மட்டுமே வேலை செய்கிறது. பிளாட்டினம், கோபால்ட் என்று உலோகம் வந்தால் முப்பரிமாணக் கோப்பு கிடையாது. ஹைட்ரஜன் தவிர்த்து ஐம்பதுக்கு மேல் அணுக்கள் இருந்தாலும் கிடையாது. அப்போது பலர் இருபரிமாணக் கோப்பையே போட்டுவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் தளச்சதுர வடிவம் என்பதால் ஏதோ தப்பித்துவிடுகிறது. கோபால்ட்டோடு மூன்று எத்திலீன்டைஅமீன் சேர்ந்த அயனியில் அது தப்பிக்காது. மூன்று வளையமும் ஒரே தளத்தில் படுத்துக்கிடக்கும். அந்த அயனியைப் பாடத்தில் வைத்ததே, அதன் இரண்டு ஒளிசுழற்ற மாற்றியங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத ஆடிப் பிம்பங்கள் என்று காட்டத்தான். தட்டையாக்கிவிட்டால் காட்ட ஒன்றுமே இல்லை.

ஆல்ஃபிரட் வெர்னர் இந்த வகை அணைவு அயனிகளை இடஞ்சுழி, வலஞ்சுழி என்று பிரித்துக் காட்டியது 1911, 1912-இல். எண்முகி அமைப்பு என்ற அவருடைய கருத்துக்கு அது கிடைத்த வலுவான சான்று. 1913-இல் நோபல் பரிசு வந்தது. சுழலும் மாதிரி ஒன்றில் அந்த அயனியின் மும்மடி அச்சு வழியே பார்த்தால் மூன்று வளையங்களும் காற்றாடி இறக்கைகள் போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். வலஞ்சுழியாகச் சாய்ந்தால் டெல்டா, இடஞ்சுழியானால் லாம்டா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றொன்றாக ஆகிறதா பார் என்று விட்டுவிடலாம். அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

இதற்கான கோப்புகளைத் திறந்த படிகவியல் தரவுத்தளத்திலிருந்து எடுக்கலாம். 2003-இல் தொடங்கிய களஞ்சியம், யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே கிடைக்கும் சிஐஎஃப் என்ற படிகக் கோப்பில் பெரும்பாலும், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகுக்கூட்டின் தனித்த பகுதி மட்டுமே எழுதப்பட்டிருக்கும். மிச்சத்தைச் சமச்சீர் விதிகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அயனி ஒரு சமச்சீர் அச்சின்மேல் உட்கார்ந்திருந்தால், அப்படியே திறக்கும்போது பாதி அயனியோ மூன்றில் ஒரு பங்கோதான் தெரியும். ஜேஎஸ்மோலில் அலகுக்கூட்டை நிரப்பச் சொல்லி, ஓர் அயனியை மட்டும் பிரித்து, மோல் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். இந்த வேலையை ஒருவர் ஒருமுறை செய்து கோப்பாகக் கொடுத்துவிட்டால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதே பாடத்தைத் தமிழில் நடத்தும் யாரும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. சுழலும் பெட்டியாக மட்டும் கொடுத்தால் ஒவ்வொருவரும் மறுபடி செய்ய வேண்டும். நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

உயிரி மூலக்கூறுகளுக்கு வந்தால் நமக்கு நேரடியாகச் சொந்தமான ஒன்று இருக்கிறது. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்பதை ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1954-இல் வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1994-இல், கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிக அமைப்பு அணு மட்டத்தில் வெளிவந்தது. பிடிபியில் அதன் குறியீடு 1சிஏஜி. பிடிபியின் தரவுகள் பொதுவுடைமையாக விடப்பட்டவை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இழையின் நீளவாக்கில் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஏன் கிளைசின் வருகிறது என்பது விளங்கும். மூன்று இழைகளுக்கும் நடுவில் கிளைசினின் ஒற்றை ஹைட்ரஜனுக்கு மேல் எதற்கும் இடமில்லை. அந்த பெப்டைடில் ஓரிடத்தில் வேண்டுமென்றே கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்திருக்கிறார்கள். அங்கே முறுக்கு சற்றுத் தளர்ந்திருப்பதையும் பார்க்கலாம். சென்னையில் பிறந்த இந்த அறிவியலைத் தமிழ்ப் பக்கம் ஒன்றில், கோப்போடு, யாராவது எழுத வேண்டும். எழுதுங்கள்.

வகுப்பறை நிலவரம் பற்றியும் சில சொல்கிறேன், நீங்கள் அறியாதது இல்லை என்றாலும். ஹைடெக் லேபில் எல்லா நாளும் நெட் இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் பாடம் வரும், மூலக்கூறு வராது. கணினியிலேயே இருக்கும் வேறொரு கோப்பைப் பக்கம் தானாகப் படிப்பதை உலாவிகள் தடுக்கின்றன. கோப்பின் எழுத்துகளைப் பக்கத்துக்குள்ளேயே ஒரு மறைவான பகுதியில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. த்ரீடிமோல், ஜேஎஸ்மோல் இரண்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். நிரலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நெட்டே வேண்டாம். உலாவியில் முப்பரிமாணம் வரையும் வெப்ஜிஎல் வசதி ஒத்துழைக்காத பழைய கணினிகளிலும் ஜேஎஸ்மோல் ஓடும், கொஞ்சம் மெதுவாக.

மொபைலில் இன்னொரு தொல்லை. மூலக்கூறுப் பெட்டி திரையின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டால், பக்கத்தைக் கீழே தள்ள நினைத்து விரலை வைக்கும் பிள்ளைக்கு மூலக்கூறுதான் சுழலும். அதைத் தாண்டிப் போகவே முடியாது. ஓரத்தில் இரண்டு பக்கமும் விரல் வைக்க இடம் விடுங்கள். ஒரே பக்கத்தில் இருபது மூலக்கூறுகளை ஒன்றாக ஓடவிடவும் வேண்டாம். கணினியில் இப்படி ஓடும் பெட்டிகள் 16-ஐத் தாண்டினால் குரோம் முன்னால் திறந்ததை மூடிவிடும், மொபைலில் வரம்பு இன்னும் குறைவு. முதலில் படமாகக் காட்டி, தொட்டால் சுழலும்படி வைத்தால் டேட்டாவும் மிச்சம்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களை நாம் இந்த விஷயத்தில் அடியோடு மறந்துவிடுகிறோம். திரையைப் படித்துச் சொல்லும் நிரலுக்குச் சுழலும் பெட்டி வெற்றிடம். கீழே இரண்டு வாக்கியம் எழுதினால் போதும்: 'சல்ஃபர் டெட்ராஃப்ளூரைடு, சீசா வடிவம். மையத்தில் சல்ஃபர், நான்கு ஃப்ளூரின், ஒரு தனித்த இரட்டை எலக்ட்ரான். அச்சில் உள்ள இரு ஃப்ளூரின்களுக்கு இடையே சுமார் 173 பாகை, மற்ற இரண்டுக்கு இடையே சுமார் 102 பாகை.' பார்க்க முடிந்தவர்களுக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்று இது சொல்லிவிடுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர்களுக்கு அசிட்டைல் குளோரைடில் ஆக்சிஜன் எது, குளோரின் எது என்று நிறத்தை வைத்துத் தெரியாது. அணுவின் பெயரை எழுத்தில் காட்டும் வசதி எல்லா நிரலிலும் உண்டு. அதைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். உங்கள் பக்கத்திலேயே வையுங்கள். கூடவே ஒரு பிரதியை ஜெனோடோவில் ஏற்றிவிடுங்கள். செர்ன் நிறுவனம் 2013 முதல் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. ஏற்றும் ஒவ்வொரு தொகுப்புக்கும் மாறாத முகவரி கிடைக்கும். உங்கள் தளம் நாளை இல்லாமல் போனாலும் அந்த முகவரி இருக்கும். எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரிமத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். எதுவும் சொல்லாமல் விட்டால், கவனமாக இருக்கும் ஆசிரியர்தான் எடுக்கத் தயங்குவார்.

அணைவுச் சேர்மங்களிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. டைஅம்மீன் டைகுளோரோ பிளாட்டினத்தின் சிஸ், டிரான்ஸ் இரண்டு. ட்ரைஅம்மீன் ட்ரைநைட்ரோ கோபால்ட்டின் முக, நெடுவரை மாற்றியங்கள் இரண்டு. எத்திலீன்டைஅமீன் மூன்று சேர்ந்த கோபால்ட்டின் டெல்டா, லாம்டா இரண்டு. ஆறு கோப்பு. ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் நோட்பேடிலும் பார்வை நிரலிலும் திறந்து பார்த்த பிறகு வெளியிடுவோம். டெல்டாவையும் லாம்டாவையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற நான்கில் உங்களால் முடிந்ததை எடுத்துக்கொண்டு, எதை எடுத்தீர்கள் என்று உங்கள் பக்கத்தில் அறிவித்துவிடுங்கள். ஒரே வேலையை இருவர் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு முதுகலை வேதியியல் ஆசிரியர்